அமைதியான ஊராம்!

செமோர்க்காரனைப் பார்த்ததும் கே.எல். (கோலாலம்பூர்) உறவினர் வாயில் வருகிற முதல் வாசகம், "நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க." தீபாவளிக்கு வருவார்கள். நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவார்கள். ஐந்தடி நடைபாதையில் நாற்காலியைப் போட்டுச் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். எவ்வளவு அமைதி, செலவும் கம்மி, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுது, ரிட்டயர் ஆனதும் நாங்களும் இங்கேயே வந்துடறோம். மூன்றாம் நாள் கிளம்பிவிடுவார்கள்.

உறவினர்களோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஞாயிறு மலர்க் கட்டுரையும் இதையேதான் சொல்கிறது. வீடு விற்கிறவர் நீட்டும் வண்ணத்தாளும் அப்படியே. சென்னையிலிருந்து மலேசியா வந்து ஈப்போவில் வெள்ளைக் காப்பி குடித்துவிட்டுப் போகும் எழுத்தாளரும் பயணக் குறிப்பில் இதைத்தான் எழுதுகிறார். 2016-இல் லோன்லி பிளானட் ஆசியாவில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக ஈப்போவைச் சேர்த்தது. அதன்பின், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் கிடக்கும் எங்கள் ஊர் செமோர் வரைக்கும் அந்தப் புகழ்ச்சி வழிந்து வந்துவிட்டது. சிற்றூர் என்றால் நிதானம், சிக்கனம், உறவு. யாரும் மறுத்துப் பேசுவதில்லை. புகழ்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான் போடுகிறேன். இந்தப் புகழ்ச்சி தவறானது. அதோடு அதற்கு ஒரு பயனும் இருக்கிறது: எங்களுக்கு வர வேண்டியதை நாங்கள் கேட்காமல் பார்த்துக்கொள்கிறது.

முதலில் அமைதி. செமோர் அமைதியான ஊராகப் பிறக்கவில்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த நிலம். செமோரைச் சுற்றியும் ஈய லம்பங்கள், அதாவது சுரங்கங்கள், இருந்தன. லம்பம் இல்லாத பக்கமெல்லாம் கித்தா (ரப்பர்) தோட்டம். தோட்டத்தில் பொழுது விடியாது. விடியுமுன்னே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிக்கும். கங்காணி பெயர் கூப்பிடுவார், கிராணி குறித்துக்கொள்வார், இருட்டிலேயே விளக்கோடு ஆட்கள் நிரைக்குப் போவார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளின் அழுகை, பால் கொட்டாயில் காண்டா வாளிகளின் சத்தம், சம்பள நாளில் கடைத்தெருவில் கடன்காரர்களின் சத்தம், மாலையில் கள்ளுக்கடையின் சத்தம், ஆடி மாதம் பிறந்தால் உடுக்கைச் சத்தம். அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்பவர்கள் லயத்து வீட்டில் ஒரு மழைக்காலம்கூட இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே சத்தம் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள், அதனால் சத்தம் இருந்தது.

அந்தச் சத்தம் எப்படி அடங்கியது என்பதுதான் கேள்வி. தானாக அடங்கவில்லை. சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் சில, தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டான தோட்டத்தில் பள்ளிக்கூடம் யார் பொறுப்பு, ஆஸ்பத்திரி யார் பொறுப்பு, பழைய ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் காற்றில் போனது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்தாகக் கட்டிப் பால்மரம் சீவுகிறவர்களே தோட்டம் வாங்கலாம் என்றார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். சங்கம் காப்பாற்றிய தோட்டங்கள் சில. கைவிட்டுப் போனவை அதைவிடப் பல.

அதற்குப் பிறகு கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். வேண்டிய கைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவந்தார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் விலையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் தீர்ந்துபோனது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது, விலை பாதிக்குப் பாதி விழுந்தது, கிந்தாவில் லம்பம் லம்பமாக மூடினார்கள். பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களை வீடமைப்புக் கம்பெனிகள் வாங்கித் தாமான் ஆக்கின. 1980க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் நாடு முழுக்கத் தோட்டத்தைவிட்டு வெளியேறிய இந்தியர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறந்ததும் செமோர்க் கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டு போன லாரிகளும் பினாங்குக் கார்களும் மேலே ஏறிவிட்டன. இப்போது மின்சார ரயில் ஈப்போவை விட்டால் அடுத்துச் சுங்கை சிப்புட்டில்தான் நிற்கிறது. எங்களுக்குக் காற்று மட்டும் அடிக்கிறது.

உறவினர் ஐந்தடியில் உட்கார்ந்து ரசிக்கிற அமைதி இத்தனை முடிவுகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொன்றையும் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ எடுத்தார்கள். அதை ஏதோ மலை, மழை மாதிரி இந்த ஊரின் சுபாவம் என்று வர்ணிக்கும்போது, எடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த அமைதியும் முழுசாக இல்லை. சிற்றூரில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு சிலருக்கும் தெரியும். கந்தான் மலையைப் பாருங்கள். அறுபதுகளிலிருந்தே சிமெண்டுக்காக அதைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். வெடிச் சத்தம், தூசி, தார்ப்பாய் படபடக்கும் லாரி. அந்த மலையில் வாழ்கிற ஒரு சின்னஞ்சிறு நத்தையை 2014-இல் உயிரியலாளர்கள் விவரித்தார்கள். வேறெங்கும் கண்டறியப்படாத அந்த உயிருக்கு மலையை வெட்டிய கம்பெனியின் பெயரையே சூட்டி 'கரோபா லஃபார்ஜி' என்றார்கள். கம்பெனி வெட்கப்பட்டாவது கொஞ்சம் மலையை விட்டு வைக்கட்டும் என்ற கணக்கு. நத்தைக்கு இருந்த வக்கீல்கள்கூட அந்த மலையடிவாரத்து மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்று சிலசமயம் தோன்றும். அது நத்தையின் குற்றமில்லை.

பட்டணத்துக்கு வேண்டாததைச் சிற்றூரில் வைப்பது நேற்று வந்த வழக்கமும் இல்லை. பக்கத்து ஊர் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநல மருத்துவமனை கட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அந்த ஊரின் பெயர் நாடு முழுக்க ஒரு வசவு. அந்த ஊர்ப் பிள்ளை வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போனால் முதல் நாளே கேலி. ஈப்போவுக்குத் தெற்கே புக்கிட் மேராவில் 1982-இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. கதிரியக்கக் கழிவை எதிர்த்து அந்தப் புதுக்கிராமத்து மக்கள் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறினார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 1994-இல் கம்பெனி தானே மூடிக்கொண்டது. கழிவு அங்கேயே, கிளேடாங் மலைப்பக்கம் புதைந்து கிடக்கிறது. கே.எல்.-இன் பங்சார் மேட்டில் யாராவது அந்த ஆலையைக் கட்டியிருப்பார்களா?

சரி, உறவு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்கிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறார்களா? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக்கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் குடியிருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, நானூற்றுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கந்தான் பாருவும் தானா ஈத்தாமும் அப்படி வந்த ஊர்கள்தான். முள்வேலி, வாசலில் காவல், ஊரடங்கு நேரம், அரிசிக்கு அளவு. தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி வேலிக்குள் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது தெரிகிற நெருக்கம் அங்கே வளர்ந்தது. சிற்றூர்ப் பண்பாடு என்று இன்றைக்குப் பாராட்டுகிறோமே, அதன் வயதையும் அதைக் கட்டிய கையையும் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பாராட்டலாம்.

தெரிந்திருப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெண்பிள்ளை யாருடைய மோட்டாரில் ஏறினாள் என்பது அவள் வீடு வந்து சேர்வதற்குள் தாய்க்குத் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சில் மூன்றாவது கேள்வியாக, குரலைத் தாழ்த்திச் சாதி விசாரிப்பார்கள். கப்பலேறி வந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, அந்தக் கேள்வி மட்டும் இன்னும் இறங்கவில்லை. கணவன் அடிப்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே யாரும் கேட்பதில்லை, "நமக்கெதுக்கு, நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்." பட்டணத்தில் முகம் தெரியாததால் கேட்பதில்லை, இங்கே முகம் தெரிந்ததால் கேட்பதில்லை. அடிபடுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உதவி இல்லை என்று சொல்லவில்லை. நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்துக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டுவான். நானே அப்படிப் போயிருக்கிறேன். சாவு விழுந்தால் நாற்காலியும் கூடாரமும் கேட்காமலே வந்து இறங்கும். மாதாமாதம் பெண்கள் கூட்டு (சீட்டு) போட்டு ஒருத்தி வீட்டுக் கூரையை இன்னொருத்தி மாற்றிக் கொடுப்பாள். இதெல்லாம் நிஜம், இதற்காகத்தான் பலர் இந்த ஊரை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள். நான் மறுப்பது இதைச் சிற்றூரின் இனிமை என்று பட்டியலில் சேர்ப்பதை. நேரத்துக்குப் பேருந்து வராத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரன்தான் பேருந்து. வங்கி மேலாளர் முகம் கொடுத்துப் பேசாத பெண்ணுக்குக் கூட்டுதான் வங்கி. வரி வாங்குகிறவன் செய்ய வேண்டியதைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்களைப் பார்த்து, "என்ன ஒரு ஒற்றுமை!" என்று வியப்பது சுலபம். அந்தத் தம்பி மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கண்ணெரிச்சலோடு போனான் என்பது வியப்பில் வராது.

செலவு கம்மி என்பதை அதிகம் பேச வேண்டியதில்லை, கணக்கைப் பார்த்தாலே போதும். வீட்டு விலை கே.எல்.-ஐவிடக் குறைவு, உண்மை. ஒரு தேத்தண்ணி, ஒரு ரொட்டி சானாய் குறைவு, உண்மை. யாருக்குக் குறைவு? சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதித்து அதை மூன்றுக்கு மேல் பெருக்கி இங்கே செலவழிக்கிறவனுக்கு. கே.எல்.-இல் முப்பது வருடம் வேலை பார்த்துச் சேமநிதியோடு வந்து இறங்குகிறவனுக்கு. உள்ளூர்த் தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவளுக்கு 1,700 வெள்ளிதான். 2025-இல் நாடு முழுவதற்கும் வைத்த அளவு அது. அவள் வீட்டில் ஆளுக்கொரு மோட்டார் இல்லாமல் முடியாது. சம்பளத்தில் ஒரு பகுதி தவணைக்கும் எண்ணெய்க்கும் போகும். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானால் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய் வர ஒரு ஆள் வேலையை விட வேண்டும். மகன் கெட்டிக்காரனாக இருந்தால் செலவு இன்னும் கூடும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வேலை பினாங்கிலும் கே.எல்.-இலும் சிங்கப்பூரிலும்தான் இருக்கிறது. படிக்க வைத்து, வளர்த்து, கடைசியில் தீபாவளிக்கு மட்டும் வந்து போகிற உறவினராக அனுப்பி வைக்கிறோம். மலேசியாவிலேயே முதியவர்களின் விகிதம் மிகுந்த மாநிலமாகப் பேராக் ஆனது வேறெப்படி? சிற்றூரின் மிகப்பெரிய செலவு இதுதான், யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறாதது.

இப்படிச் சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: அப்படியானால் அங்கே ஏன் இருக்கிறாய், கிளம்பி வா, சின்ன ஊரில் என்ன இருக்கிறது? முதல் கூட்டம் ஊரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறது, இது குப்பைத் தொட்டியில் போடுகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றே: ஊர் இப்படித்தான் இருக்கும், மாறாது. நாட்டில் 1970-இல் நகரவாசிகள் கால்வாசிக்குச் சற்று மேல். 2020 கணக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து. ஒரே தலைமுறையில் மூட்டை கட்டி வந்தவர்களுக்கு விட்டு வந்த ஊரைப் பற்றி ஏக்கமும் வேண்டும், விட்டு வந்ததற்கு நியாயமும் வேண்டும். இரண்டையும் எங்கள் தலையில்தான் ஏற்றுகிறார்கள்.

ஊர் மாறாது என்று நினைப்பவர்கள் கந்தானில் நடப்பதைப் போய்ப் பார்க்கலாம். தலைமுறைகளாக அங்கே கீரையும் காய்கறியும் போட்டு வந்த விவசாயிகளின் நிலம் மாநில மேம்பாட்டுக் கழகத்துக்குத் தேவைப்பட்டது; உயர் தொழில்நுட்பப் பூங்கா வரப்போகிறதாம், பெயர் சில்வர் வேலி. 2023 அக்டோபரில் நிலத்தைக் காலி செய்ய இயந்திரங்களோடு வந்தார்கள், குறுக்கே நின்றவர்களைக் கைது செய்தார்கள். பேருந்து கேட்டால் "சின்ன ஊர்தானே", நிலம் வேண்டுமென்றால் ஒரே நாளில் அது வெள்ளிப் பள்ளத்தாக்கு. தொழிற்சாலை வருவதை நான் எதிர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஊர் எப்போது சின்னது, எப்போது பெரியது என்பதை எங்களைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள், அதைத்தான் எதிர்க்கிறேன்.

இங்கே இருப்பதில் எனக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால் மலையையும் அமைதியையும் சொல்ல மாட்டேன். இங்கே ஒரு மனிதனால் பயன் உண்டு. மலாய் மொழியில் ஒரு கடிதம் ஒழுங்காக எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டு வாசலில் மாலையில் செருப்புகள் கிடக்கும். சமூகநல இலாகா உதவிப் பணத்துக்கு மனு, பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தவறு, இங்கேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு அறுபது வயதைத் தாண்டிவிட்ட பாட்டியின் குடியுரிமை விண்ணப்பம். கே.எல்.-இல் அவர் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வெடுக்க இந்த ஊருக்கு வருகிறேன் என்பவர்களிடம் எனக்குள்ள முதல் கோபம் இதுதான். ஓய்வெடுக்கிற இடமா இது? வேலை மலைபோல் கிடக்கிறது.

அந்த வேலையில் பாதி மனு எழுதுவதாகவே இருப்பதற்கும் காரணம் உண்டு, அது இந்தப் புகழ்ச்சிக் கட்டுரைகளில் ஒருநாளும் வராது. முள்வேலி போட்ட அதே பிரிட்டிஷ் அரசு 1952-இல் சட்டம் போட்டுப் புதுக்கிராமங்கள் தங்கள் மன்றங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. வேலிக்குள் இருந்தவனுக்கு ஓட்டு இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகர மன்றம் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சியின் கையில் இருந்தது. கோலாலம்பூரில் ஆண்ட கூட்டணிக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அன்றைக்கு மக்களுக்குத் தெரியும். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த ஆண்டே முடிந்தது. தேர்தல் திரும்பி வரவில்லை. 1976 சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. இன்றைக்குச் செமோர் ஈப்போ மாநகர் மன்றத்தின் கீழ் வருகிறது. வீட்டு வரி வருடத்துக்கு இரண்டு முறை கட்டுகிறோம், மன்ற உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊரில் எங்கள் சாக்கடைக்குப் பொறுப்பான ஒரே ஒரு ஆளை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆகவே ரிட்டயர் ஆனதும் வருகிறேன் என்பவர்களுக்கு: தாராளமாக வாருங்கள், வீடுகள் காலியாகத்தான் இருக்கின்றன. வந்தபிறகு "இந்த ஊர் இப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதிகாரிகள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேருந்துகளைக் கூட்டச் சொல்லி, ரயிலைச் செமோரில் நிறுத்தச் சொல்லி, மன்றத்துக்குத் தேர்தல் வைக்கச் சொல்லி மனுக்கள் இருக்கின்றன. ஆசிரியர் வீட்டில் பேனாவும் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், போனதடவை பாதிப் பேருடையதைப் படிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.